பர்வதமலைக்குப் பௌர்ணமியில்தான் போக வேண்டுமா?

ஜனவரி 18, காலை

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பர்வதமலைக்குப் பௌர்ணமி இரவில் ஏறினால்தான் பலன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. சாதாரண நாளில் ஏறினால் தரிசனம் உண்டா? அப்படிப் போவதில் அர்த்தம் இருக்கிறதா?"

தரிசனம் உண்டு, அர்த்தமும் உண்டு. அந்த மலையை அறிய வேண்டுமானால் சாதாரண நாளில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. பௌர்ணமி இரவில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது முன்னால் ஏறுகிறவரின் குதிகால் மட்டும். நின்றால் பின்னால் இருப்பவர் முட்டுவார், நடந்தால் முன்னால் இருப்பவரை நீங்கள் முட்டுவீர்கள். செங்குத்துப் பாறை வரும் இடத்தில் வரிசை நின்றுவிடும். ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இருட்டில், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்க வேண்டும். மேலே கருவறை முன் நிற்கக் கிடைப்பதோ ஒரு நொடி.

தை மாதத்தில் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை விடியும் வேளையில் அடிவாரத்தில் போய் நில்லுங்கள். காடு உங்களுக்கே உரியதாக இருக்கும். அந்த மலையின் சாமியும் அம்மனுமான மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் எல்லா நாளும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

ஜனவரி 18, இரவு

"எந்தப் பர்வதமலை, ஸ்ரீசைலமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும் சாமிக்கும் அம்மனுக்கும் அதே பெயர்கள் இருப்பதால் வரும் குழப்பம். நான் சொல்வது திருவண்ணாமலை மாவட்டம், கலசப்பாக்கம் வட்டத்தில் இருக்கும் மலை. உயரம் 4,560 அடி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, நமக்கெல்லாம் பழக்கமான அண்ணாமலை 2,668 அடி.

ஜனவரி 20

போகும் வழி கேட்டவர்களுக்கு.

கடலூர்க்காரர்கள் வழி தேட வேண்டிய அவசியமே இல்லை. நம் ஊரில் தொடங்கும் கடலூர்–சித்தூர் சாலை நெல்லிக்குப்பம், பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று போய்ப் போளூரைத் தொடுகிறது. போளூரிலிருந்து செங்கம் போகும் பாதையில் தென்மாதிமங்கலமும் கடலாடியும் வரும். இரண்டு ஊரிலிருந்தும் மலைக்குப் பாதை உண்டு. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வந்துவிடலாம். ரயில்தான் வேண்டும் என்றால் விழுப்புரம்–காட்பாடி பாதையில் போளூரில் நிலையம் இருக்கிறது.

முதல் நாள் மாலையே திருவண்ணாமலை போய்த் தங்கிவிடுங்கள். கடலூரில் அதிகாலை பஸ் ஏறி, காலை பத்து மணிக்கு மலையேறத் தொடங்கினால் வெயில் உச்சிக்கு வரும்போது நிழலே இல்லாத பாறையில் இருப்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

வழியில் திருக்கோவிலூரில் நேரம் இருந்தால் தென்பெண்ணைக்குள் நிற்கும் கபிலர் குன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள். பாரி இறந்த பிறகு கபிலர் உயிர்விட்ட இடம் என்று அங்கே சொல்கிறார்கள். ஒற்றைப் பாறை, மேலே சின்னக் கோயில். நமக்கு மலை தொடங்குவது அங்கேதான் என்று எனக்குத் தோன்றும். பண்ருட்டி வரை முந்திரியும் பலாவும் செம்மண்ணுமாக இருக்கும் நிலம், திருக்கோவிலூர் தாண்டியதும் பாறை பாறையாக முளைக்கத் தொடங்கும்.

ஜனவரி 23

பாதையைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள்.

தென்மாதிமங்கலம் வழி: ஊரிலிருந்து மலையடிவாரம் வரை சாலை. வழியில் பச்சையம்மன் கோயில். அங்கே திறந்தவெளியில் அமர்ந்திருக்கும் முனிகளின் பெரிய உருவங்களை வாகனத்தில் போகிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். மலைக்குக் காவல் அவர்கள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அடுத்து வீரபத்திரர் கோயில். அதைத் தாண்டியதும் படிகள் தொடங்கும். ஆயிரத்துக்கும் மேல் வரும். கடற்கரையில் வளர்ந்த நம் கால்களுக்கு முதல் சோதனை இந்தப் படிகள்தான். ஒரே உயரம், ஒரே அகலம், ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நான் எவ்வளவோ பேரைப் பார்த்துவிட்டேன், இந்தப் படிகளில் வேகம் காட்டியவர்கள்தான் மேலே போய்க் கால் பின்னி உட்காருகிறார்கள். பேசிக்கொண்டு ஏறும் அளவுக்கு மூச்சு இருந்தால் வேகம் சரி. பேச்சு நின்றுவிட்டால் நீங்களும் நிற்க வேண்டும்.

படிகள் முடிந்தால் காட்டுப் பாதை. கல்லும் வேருமாக இருக்கும். வறண்ட நிலத்துக் காடு. மாசிக்குள் இலை கொட்டிவிடும்.

கடலாடி வழி: அமைதியான வழி இதுதான். படிக்கட்டு வசதி குறைவு, கடைகள் இல்லை, காடு அதிகம். வார நாளில் மேலே போகும் வரை ஒரு முகம்கூடக் கண்ணில் படாமல் இருக்கலாம். பறவைச் சத்தம் கேட்டுக்கொண்டே நடக்கலாம். ஆனால் முதல் முறை போகிறவர்கள் இந்த வழியில் ஏறக் கூடாது. தென்மாதிமங்கலம் வழியாக ஏறி இறங்கி மலை பழகிய பிறகு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இரண்டு வழிகளும் மேலே ஒன்றுசேர்ந்து, பிறகு செங்குத்துப் பாறைக்குக் கொண்டுபோய் விடும். சராசரி நடைக்கு அடிவாரத்திலிருந்து உச்சி வரை நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 24

கடப்பாறைப் படிக்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

கடப்பாறை நெட்டு என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடம் இது. பாறையில் துளையிட்டு இரும்புக் கடப்பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அவற்றுக்கு இடையே சங்கிலி. ஒரு கடப்பாறையின் மேல் பாதத்தை வைத்து, அடுத்ததைக் கையால் பற்றி, உடம்பை மேலே தூக்க வேண்டும். அதைத் தாண்டினால் தண்டவாளத் துண்டுகளால் ஆன படி, பிறகு ஏணிப்படி, கடைசியில் ஆகாயப் படி.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். கடப்பாறையின் அடிப்பகுதி துருவேறிக் கரடுமுரடாக இருக்கும். கைபடும் இடம் மட்டும் வழவழவென்று கறுத்து மின்னும். காலையில் வெயில் ஏறுமுன் தொட்டால் விரலில் குளிர் ஏறும். அதே இரும்பைப் பதினொரு மணிக்குத் தொட்டால் கையை வெடுக்கென்று எடுத்துவிடுவீர்கள். இறங்கி வந்து அடிவாரத்தில் கை கழுவிய பிறகும் உள்ளங்கையில் இரும்பு வாசம் போகாது. எத்தனை தலைமுறைக் கைகள் அந்த இரும்பைத் தேய்த்திருக்க வேண்டும்! மேலே கருவறையில் நிற்கும்போது வரும் சிலிர்ப்பு எனக்கு அந்த இரும்பைப் பிடிக்கும்போதே வந்துவிடுகிறது.

பயப்படுகிறவர்களுக்கு: கைப்பிடியோடு கூடிய இரும்புப் படிக்கட்டு வழியும் இருக்கிறது. அதில் ஏறினால் புண்ணியம் குறைந்துவிடாது. தோளில் தொங்கும் பை வேண்டாம், முதுகோடு ஒட்டிய பை மட்டும். வேட்டியை மடித்துக் கட்டி ஏறுகிறவர்கள் நன்றாக இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கீழே பார்க்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வேன். கால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் எப்படி ஏறுவது? பார்க்கக் கூடாதது பள்ளத்தாக்கை, பாதத்தை அல்ல.

ஜனவரி 24, சற்று நேரம் கழித்து

நெய்வேலியிலிருந்து ஒருவர்: "இரவில்தானே குளிர்ச்சியாக இருக்கும், வெயிலுக்குப் பயந்தவர்கள் இரவில் ஏறினால் என்ன?"

இதற்குப் பதில் சொல்ல நான் தேவையில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த நிலத்தைப் பற்றியதுதான். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. செங்கண்மா இன்றைய செங்கம். அதில் நவிரம் என்ற மலையும், அதில் உறையும் காரியுண்டிக் கடவுளும் (நஞ்சுண்ட சிவன்) வருகிறார்கள். அந்த நவிரம் இந்த மலைதான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

அந்தப் பாட்டில் என்னைக் கட்டிப்போடுவது அதன் அக்கறை. பன்றிக்கு வைத்த கல்பொறிகள் பாதையில் இருக்கும், ஆகையால் விடிந்த பிறகு போங்கள் என்று சொல்கிறார் புலவர். தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போங்கள் என்கிறார். பாம்பு கிடக்கும் இடம், வழுக்கும் இடம் எல்லாம் சொல்கிறார். அரசனைப் பாட வந்தவர், போகிறவர்களின் கால்களைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார். இன்று பன்றிப்பொறியும் கவண்கல்லும் இல்லை. பாம்பும் வழுக்குப் பாறையும் அப்படியேதான் இருக்கின்றன. பகலில் போங்கள்.

ஜனவரி 29

ஒரு கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, விருத்தாசலத்துப் பக்கத்து இளைஞர் ஒருவர் தன்னந்தனியாகக் கடலாடி வழியில் ஏறியிருக்கிறார். பாதை பிரியும் இடத்தில் தவறான பக்கம் போய், முட்புதரில் மாட்டிக்கொண்டு, விறகுக்கு வந்த ஒரு அம்மா குரல் கொடுத்து மீட்டிருக்கிறார். கைபேசியில் சிக்னல் இல்லை. தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

அமைதி என்று நான் எழுதியதை அவர் தனிமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று பேர் வாய்மூடி நடந்தாலும் அமைதிதான். தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எந்த வழியாக ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் இறங்குவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். பௌர்ணமியிலும் விடுமுறை நாட்களிலும் வழியில் எலுமிச்சைச் சாறு விற்பவர்கள் இருப்பார்கள், வார நாளில் அவர்களை நம்பிப் போக முடியாது.

சாப்பாடு: மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளிச்சோறு, கடலைமிட்டாய், கொஞ்சம் உப்பு. குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. சாப்பாட்டைப் பையின் அடியில் வையுங்கள்.

பிப்ரவரி 3

பௌர்ணமியைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு சகோதரி பதில் எழுதியிருக்கிறார். சிதம்பரத்துக்காரர். "நீங்கள் ஆண், செவ்வாய்க்கிழமை காலையில் காட்டுக்குள் போகலாம். எனக்கும் என் அக்காவுக்கும் அந்தக் கூட்டம்தான் பாதுகாப்பு" என்கிறார்.

இதை நான் ஐந்து நாட்களாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது நியாயம்.

எனக்கு ஒரு பெரியம்மா நினைவுக்கு வருகிறார். நெல்லிக்குப்பத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், செருப்பில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார். கையில் ஒரு தூக்குவாளி, அதில் அபிஷேகத்துக்குத் தண்ணீர். பக்தர்கள் தாங்களே சுமந்து வந்த நீரைக் கொண்டு அபிஷேகம் செய்யும் வழக்கம் இந்த மலையின் பெரிய சிறப்பு. "வாளியைக் கொடுங்கள் பெரியம்மா, நான் கொண்டுவருகிறேன்" என்றேன். "வேண்டாம் தம்பி, இது நான் தூக்க வேண்டியது. நீ முன்னால் போய்க் கடப்பாறை கிட்ட நின்னு எனக்குக் கை கொடு, அது போதும்" என்றார். சொன்னபடி நின்றேன். வாளியை முதலில் என்னிடம் நீட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து ஏறினார். ஏறியதும் வாளியை வாங்கிக்கொண்டார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திப்போயிருந்தது. அவர் அதைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வந்தது பௌர்ணமிக் கூட்டத்தோடு. கூட்டம் இல்லாவிட்டால் அவருக்கு யார் கை கொடுத்திருப்பார்கள்? சாதாரண நாளில் போவதே சரி என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்ல முடியாது. துணை உள்ளவர்கள், உடம்பில் தெம்பு உள்ளவர்கள் வார நாளில் போங்கள். துணை இல்லாதவர்களுக்குக் கூட்டமே துணை. அவர்களுக்கு இடம் விட்டு, நாம் வேறு நாளில் போவதும் ஒரு மரியாதைதான்.

பகல் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை. பௌர்ணமிக்குப் போகிறவர்களும் காலையிலேயே ஏறத் தொடங்கலாம்.

பிப்ரவரி 4

பெண்கள் நான்கு பேர் சேர்ந்து வார நாளில் போக விரும்பினால் தேதியைச் சொல்லுங்கள், என் மனைவியும் மைத்துனியும் வரத் தயார். மைத்துனி என்னைவிட வேகமாக ஏறுவார்.

பிப்ரவரி 8

"உடம்பை எப்படித் தயார் செய்வது? கடலூரில் மலையே இல்லையே?"

கேப்பர் மலை எதற்கு இருக்கிறது? ஏறும் சாலையில் தினமும் காலை நடந்து ஏறி இறங்குங்கள். திருவந்திபுரத்தில் ஔஷதகிரிக்கு 74 படிகள். தேவநாதசுவாமியைக் கும்பிட்டுவிட்டு, ஹயக்ரீவர் சந்நிதிக்கு மேலும் கீழுமாகச் சில சுற்றுப் போய்வரலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு மயிலம் முருகன் கோயில் குன்று இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஈர மணலை விட்டு, காய்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் இறுகும்.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயிற்சி தேவை. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும். அந்த ஆயிரம் படிகளில் இறங்கி வரும்போது தொடை நடுங்காதவர்கள் குறைவு. ஒரு மூங்கில் கழி கையில் இருந்தால் பாதிப் பாரம் அதில் போய்விடும். செங்குத்துப் பாறையில் அதை முதுகில் கட்டிக்கொள்ளும்படி கயிறு போட்டு வையுங்கள்.

பிப்ரவரி 12

நேற்று வடலூரில் தைப்பூச ஜோதி, இன்று பௌர்ணமி. பர்வதமலையில் இன்று கூட்டம் நெரியும். போயிருப்பவர்கள் பத்திரமாக இறங்குங்கள்.

பிப்ரவரி 17

"மழைக்குப் பிறகு மலை பாதுகாப்பானதா?" என்று ஒருவர் கேட்கிறார். கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் இதை மறக்கவே முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடியது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். அதையொட்டித்தான் டிசம்பர் 13 தீபத்தன்று அண்ணாமலை மீது ஏறப் பக்தர்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, நம் ஊர்க் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே மலை சரிந்ததும் இங்கே வீடு முழுகியதும் ஒரே மழையால். திருவண்ணாமலைச் செய்தியைக் கேட்டபோது எங்கள் தெரு ஆட்கள் முழங்கால் தண்ணீரில் பீரோவைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மலைப்பக்கம் போகாதீர்கள். பாறை வழுக்கும், ஊறிய மண்ணில் நிற்கும் கல்லை நம்ப முடியாது. மழை விட்டுவிட்டதே என்று மறுநாளே ஓடவும் வேண்டாம். ஊறின மண் இறுகச் சில வாரங்கள் ஆகும்.

வெயில் காலத்துக்கு வேறு ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டில் தீ பரவி, மலையேறப் போனவர்கள் பலர் கருகி இறந்தார்கள். மலைச்சரிவில் உயரமாக வளரும் போதைப்புல் காய்ந்திருந்தால் அதில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், நம்மைவிட வேகமாக ஓடும். ஆகவே வழியில் கற்பூரம் ஏற்றாதீர்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது. அடிவாரத்தில் வனத்துறையினர் எந்த நேரம் வரை விடுகிறார்கள், எதை எடுத்துப்போக விடுகிறார்கள் என்று கேட்டு, சொன்னபடி நடங்கள். பருவத்துக்குப் பருவம் அது மாறும். அவர்களோடு சண்டை போட்டு ஏறுவதில் பக்தி எதுவும் இல்லை.

பிப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. போய்வந்த ஒருவர் எழுதியிருக்கிறார்: பாதை நெடுகப் பிளாஸ்டிக் பாட்டில், பிஸ்கட் உறை, எண்ணெய்ப் பாக்கெட்.

எனக்கு வயிறு எரிகிறது. சாமிக்கு எண்ணெய் கொண்டுபோனவர் காலி உறையை எங்கே போடுகிறார்? சாமி வீட்டு வாசலிலேயே போடுகிறார். குரங்கு அதைப் பிய்த்து நக்குகிறது. மேலே யாரும் குப்பை வண்டி ஓட்டி வரப்போவதில்லை. எதைச் சுமந்து ஏறினோமோ அதன் உறையைச் சுமந்து இறங்க வேண்டும். நாங்கள் போகும்போது ஆளுக்கு ஒரு சாக்குப்பை எடுத்துப்போகிறோம். இறங்கும் வழியில் நிரம்பிவிடும். அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர் ஒருவர் இப்போது எங்களைப் பார்த்ததும் தானே ஒரு பையை எடுத்துக் கொடுக்கிறார்.

பழைய துணியைக் கழற்றி மலையில் விட்டால் பாவம் தொலையும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வழக்கத்தை அந்த ஊர்ப் பெரியவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மார்ச் 2

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறித்தான் கும்பிட வேண்டுமா? ஊரில் பாடலீஸ்வரர் இருக்கிறாரே" என்று என் நண்பர் ஒருவர் நேரிலேயே கேட்டார்.

பாடலீஸ்வரர் இருக்கிறார், அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். நண்பருக்கு அப்பரைச் சொன்னேன். நம் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்தவர். கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அந்தக் கல்லே மிதந்து வந்து கரையேறியது நம் ஊரில். இன்றும் அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர். அத்தனை பெரிய அருளைப் பெற்றவர், வயதான காலத்தில் கயிலைக்கு நடந்தார். பாதம் தேய்ந்ததும் கையால் ஊர்ந்தார், கை தேய்ந்ததும் மார்பால் நகர்ந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கடைசியில் கயிலைக் காட்சி அவருக்குத் திருவையாற்றிலேயே கிடைத்தது. அப்படியானால் நடந்ததெல்லாம் வீணா? நடந்ததால்தான் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த முறை சொல்லிவிட்டுப் போ என்றார்.

மார்ச் 12

மாசி மகம். காலையில் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தேன். மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் இன்னும் எத்தனையோ சாமிகளும் கடலாட வந்து மணலில் வரிசையாக நின்றார்கள். ஆண்டு முழுக்க நாம் குன்றேறிப் போய்ப் பார்க்கும் முருகன், இன்று குன்றிறங்கி நம் கடலுக்கு வந்திருக்கிறார். மயிலத்திலிருந்து கூடவே வந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ஐயா, இவ்வளவு தூரம் வந்தது களைப்பாக இல்லையா?" என்றேன். "அவர் வருகிறார், நான் கூட வருகிறேன், அவ்வளவுதான்" என்றார்.

பர்வதமலையைப் பற்றிப் பேச்சு வந்தது. உச்சியில் காற்று தெளிவாக இருக்கும் நாளில் அண்ணாமலை நன்றாகத் தெரியும் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. சிறு வயதில் தகப்பனாரோடு ஏறியிருக்கிறாராம்.

மார்ச் 15

இனி வெயில் ஏறும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வேண்டாம். ஆடி கழிந்து ஆவணியில் போகலாம். அதைவிட நல்லது மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியும் தையும்.

பண்ருட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பாவுக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் இருக்கின்றன, ஆனால் அந்த மலையை ஒருமுறை கும்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார், என்ன செய்வது?

அப்பாவை மேலே கூட்டிப்போக வேண்டாம். மார்கழி முதல் தேதி அழைத்துப்போங்கள். அன்று கோயில்மாதிமங்கலம் கரைகண்டீஸ்வரர் பர்வதமலையை வலம் வருகிறார், ஊர் ஊராக மக்கள் கூடவே கிரிவலம் போகிறார்கள். முழுச் சுற்று 20 கிலோமீட்டருக்கும் மேல், அதை அப்பா நடக்க வேண்டியதில்லை. வழியில் ஒரு கிராமத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், சாமி அவர் முன்னால் வருவார். சர்க்கரை மாத்திரையையும் சாப்பாட்டையும் கையோடு வைத்திருங்கள், சாமி வந்து சேர நேரமாகும். மார்கழிப் பனி அங்கே நம் ஊரைவிட அதிகம், கம்பளிக் குல்லாய் எடுத்துப்போங்கள்.